மீன் உணவும் பீடைநாசினியும்

வன்னியிலே குளமானது வயலுக்கு நீரையும் அடுப்புக்குக் கறியையும் ஒருங்கே அளிக்கின்றது. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், பாவற்குளம் ஆகியவற்றின் விராலும், 1952ஆம் ஆண்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவும், முல்லைத்தீவுக் கரையின் சூடையும் நெத்தலியும் கமக்காரர் வீடுகளில் நாளாந்த உணவாகும். மீனில் நஞ்சு உண்டெனக் கேள்வியுற்ற சிலர் அதனை அறவே விலக்க எண்ணுகின்றனர். அவ்வாறு விலக்குதல் தக்கதன்று.

நன்மை

நூறு கிராம் மீன் தசையில் ஏறக்குறைய 18 முதல் 20 கிராம் புரதம் உண்டு. முள்ளோடு உண்ணும் நெத்தலி சுண்ணாம்புச் சத்தைத் தருகின்றது. சூடையிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு கருவிலுள்ள சிசுவின் மூளை வளர்ச்சிக்கு உதவுகின்றது.

தீமை

யப்பானிலுள்ள மினமாட்டாவில் 1956ஆம் ஆண்டு அறியப்பட்ட கொடிய நோய்க்கு, ஆலைக் கழிவினாற் கடல் மீனிற் சேர்ந்த பாதரசமே காரணமெனப் பின்னர் உறுதியாயிற்று. சிறு மீனைப் பெரிய மீன் உண்ண உண்ணப் பாதரசம் பெருகும், சமைத்தாலும் நீங்காது. ஆகவே, கர்ப்பிணிகளும் சிறுவரும் சுறா, வாள்மீன் போன்ற பெருமீன்களைத் தவிர்த்துச் சிறு மீன்களை உண்ணல் நன்று. உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் 2010இற் கூட்டிய நிபுணர் குழு இரு பக்கத்தையும் சீர்தூக்கி, பெரும்பாலான நிலைமைகளில், தாய் மீன் உண்ணாதிருப்பதிலும் உண்பதே பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு நன்மை தருமெனக் கண்டது.

கமக்காரர் கையிலுள்ளது

கடலிற் சேரும் பாதரசத்தைக் கமக்காரர் தடுத்தல் அரிது. குளத்தில் விழும் பீடைநாசினியைத் தடுத்தல் எளிது. வவுனியாப் பகுதியிற் சிறு குளங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாய் அமைந்துள்ளன. மேற்குளத்து வயலின் கழிவுநீர் கீழ்க்குளத்தை அடைகின்றது. ஒருவர் தெளித்த மருந்து மற்றொருவர் கறிச்சட்டியை அடையலாம். மீன்களுக்குப் பெருங்கேடு விளைக்கும் எண்டோசல்பான் 1998இல் இலங்கையிலே தடைசெய்யப்பட்டது. எனினும், இன்று விற்கப்படுவனவற்றுள்ளும் மீனைக் கொல்வன உள.

எனவே, கமக்காரர் கைக்கொள்ள வேண்டியவை:

1. மழை வரும் அறிகுறி உள்ளபோது மருந்து தெளித்தலாகாது.
2. போத்தலிற் குறித்த நாட்கள் கழியுமுன் வயல் நீரை வடியவிடலாகாது.
3. தெளிகருவியையும் வெற்றுப் போத்தலையும் குளத்திலோ வாய்க்காலிலோ கழுவலாகாது.
4. மருந்திட்டு மீன் பிடித்தலாகாது. செத்து மிதக்கும் மீனை உண்ணவோ கோழிக்கு இடவோ கூடாது.
5. குளத்து மீனின் குடலையும் கொழுப்பையும் நீக்கிச் சமைத்தல் வேண்டும்.

குளத்து நீரைக் காப்பவர் தம் பிள்ளைகளின் உணவையும் காத்தவராவர்.