‘நாங்கள்’ என்று பேசும் ஒருவர்

மாணவர்களே, எதிரில் ஒரே ஒருவர்தான் நிற்கிறார். ஆனால், “நாங்கள் சாப்பிட்டுவிட்டோம்” என்கிறார். இலக்கணப் பிழையா? இல்லை. தமக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட ‘நான்’ இருப்பதாக உணரும் சிலர் இப்படித்தான் பேசுகிறார்கள். உள்ளே இருக்கும் அனைவரையும் சேர்த்து ‘சிஸ்டம்’ என்கிறார்கள்.

மருத்துவர்கள் வைத்த பெயர் வேறு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 1980இல் இதைப் ‘பல ஆளுமைக் கோளாறு’ என்றது. 1994இல் அது ‘விலகல் அடையாளக் கோளாறு’ ஆனது. ஓர் உடலில் பல முழு மனிதர்கள் குடியிருக்கவில்லை. ஒரே மனிதரின் நினைவும் உணர்வும் அடையாளமும் ஒன்றாக இணையவில்லை என்பதே புதிய பெயரின் கருத்து. (2005இல் வந்த ‘அந்நியன்’ படம் பழைய பெயரையே சொன்னது. கொலையையும் சேர்த்துக்கொண்டது!)

இந்தக் கருத்தைச் சிலர் ஏற்பதில்லை. “நாங்கள் பலர்தான், ஆனால் நோயாளி அல்ல” என்று சொல்லி, ‘பன்மை’ என்ற சொல்லைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இதை அப்படியே ஒதுக்கிவிட முடியாது. 2013ஆம் ஆண்டுக் கையேட்டின்படி, துன்பமோ அன்றாட வாழ்வில் பாதிப்போ இருந்தால்தான் அது கோளாறு. சமய வழக்கமாக ஏற்கப்பட்டதும் கோளாறில் சேராது. தைப்பூசத்தில் அருள் வந்து ஆடுபவரை நாம் நோயாளி என்கிறோமா?

காணொளி பார்த்து உங்களுக்கோ நண்பருக்கோ பெயர் சூட்ட வேண்டாம். நினைவில் அடிக்கடி இடைவெளி விழுகிறதா? எப்போது, எவ்வளவு நேரம், எது மறந்தது என்று குறித்துக்கொண்டு பள்ளி ஆலோசகரைப் பாருங்கள். நண்பரை எப்படி அழைப்பது என்பதை அவரிடமே கேளுங்கள்.