வீட்டிலேயே தைக்கும் திரைச்சீலை

சென்னிமலை, கரூர் வட்டாரங்களில் திரைக்கெனவே கனத்த துணிகள் நெய்யப்படுகின்றன. கைத்தறித் துணியை வாங்கிய அன்றே வெட்டித் தைத்தோமானால், முதற் சலவையிலேயே திரை குறுகி, சன்னலின் அடிப்பாகம் வெளியே தெரியும். எங்கள் இல்லத்திலும் அவ்வாறே நேர்ந்தது. பழியோ நெய்தவர்மீது விழுந்தது!

உண்மை யாதெனில், பாவு கஞ்சியிட்டுத் தறியில் இறுக இழுத்துக் கட்டப்படுகிறது. நீர் பட்டதும் அவ்விறுக்கம் தளர்ந்து, கஜத்துக்கு ஓரிரு அங்குலம் துணி சுருங்கக்கூடும். திரையோ பாவின் போக்கிலேயே தொங்குவது. ஆதலால் குறை உடனே கண்ணிற் படும். துணியைத் தனியே ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, முறுக்கிப் பிழியாது நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்ட பின்னரே கத்தரிக்கோலை எடுத்தல் வேண்டும்.

4 அடி அகலச் சன்னலுக்கு 48 அங்குலப் பன்னாவில் இரண்டு திரைகள் தேவை. அப்போதுதான் கொசுவம் நிறைந்து விழும். (இங்கே சிக்கனம் பார்ப்போர் திரையையன்று, துண்டையே தொங்கவிடுகின்றனர்.) நீளத்தில், கம்பி நுழைய மேலே 3 அங்குலமும், அடிமடிப்புக்கு 5 அங்குலமும் கூட்டிக்கொள்க. அடிமடிப்பை மட்டும், திரையைத் தொங்கவிட்டு இரண்டு நாள் சென்றபின் தைப்பது நன்று. துணி தன் கனத்தால் சற்று இறங்கிவிடும். பின்னர்த் தைத்தால் கரை கோணாது.