மகரக்கட்டுக்கு அப்பால்

மம்சாபுரத்தில் பஸ் ஏறினால் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் கூப்பிடு தூரம்தான். அங்கே அரையர் சேவையில் முத்துக்குறி பார்க்க வேண்டும். தலையில் கூம்புக் குல்லாய், கையில் தாளம். நிற்பவர் ஆண், தலை நரைத்தவராகக்கூட இருக்கலாம். பெருமாள்மேல் மையல் கொண்டு இளைத்துப்போன மகள் அவர்தான், பதறித் தவிக்கும் தாய் அவர்தான், முத்தைப் பரப்பிக் குறி சொல்லும் கட்டுவிச்சியும் அவரேதான். இந்த வயதில் இவருக்கு எதற்குக் குமரி வேஷம் என்று ஒருவரும் கேட்பதில்லை.

நாடகக் கொட்டகையில் கேட்டார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பெரிய நடிகர்களைக் கட்டி மேய்க்க முடியாமல் பையன்களை வைத்தே நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிக் காலம் அது. சீதையும் வள்ளியும் பையன்கள்தான். சிவாஜி கணேசன் முதலில் கட்டியதே சீதை வேஷம். ஆனால் ஸ்திரீபார்ட்டுக்கு மகரக்கட்டு என்றொரு எமன் உண்டு. மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைவரை கணீரென்று பாடிய பையனுக்கு ஒருநாள் தொண்டை கரகரக்கும். அதோடு புடவை வேறொரு பையனுக்குப் போய்விடும். விதிவிலக்கு டி.கே. சண்முகம். மீசை முளைத்து எத்தனையோ வருஷம் கழித்து ஔவைக் கிழவியாக வந்தார். ஊர் அவரை ‘ஔவை’ சண்முகம் ஆக்கிவிட்டது. கிழவி என்பதால் தப்பித்தார் என்பது என் சந்தேகம்.

சீனாவில் கதை வேறு. சிங் அரசர்கள் காலத்தில் பெண்கள் மேடையேறத் தடை இருந்ததால், ‘டான்’ எனப்படும் பெண் வேஷத்தை ஆண்களே வளர்த்தார்கள். நம் சங்கீத விமர்சகர்கள் ‘கள்ளத்தொண்டை’ என்று முகம் சுளிப்பார்களே, அதைத்தான் அவர்கள் சாதகம் செய்து கலையாக்கினார்கள். தொண்டை உடைந்த பிறகும் வேஷம் கைவிட்டுப் போகவில்லை. அவர்களில் பெரியவர் மெய் லான்ஃபாங், 1894-ல் பிறந்தவர். 1935-ல் மாஸ்கோவில் அவர் நடித்ததைப் பார்த்து அசந்துபோன ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட், அதை வைத்துக் கட்டுரையே எழுதினார்.

ஜப்பான் படை வந்தபோது, அவர்களுக்காக ஆட மாட்டேன் என்பதற்கு மெய் மீசை வளர்த்தார். மீசை வைத்தவனிடம் யார் போய் நாயகி வேஷம் கேட்பது? 1945-ல் போர் முடிந்தது, மீசையை மழித்தார், மேடையேறினார். 1959-ல், 64 வயதில், மு குய்யிங் என்ற பெண் தளபதியாக ஒரு புது நாடகத்தில் வந்து நின்றார்.