சங்கு ஓய்ந்த தங்கவயல்

கோலார் தங்கவயலில் ஒரு காலத்தில் கடிகாரத்துக்குப் பெரிய மரியாதை இருந்ததில்லை. சுரங்கத்தின் சங்கு ஊதினால் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். அடுத்த சங்குக்குள் ஆண்கள் ஷாப்டு வாசலில் நிற்க வேண்டும். ஷிப்டு முடிந்து ஊதினால் பெண்கள் வாசலுக்கு வந்து தெருமுனையைப் பார்ப்பார்கள். போனவர் திரும்பி வருவது தெரிந்த பிறகுதான் மூச்சு சீராகும். 2001 பிப்ரவரி 28-ம் தேதியோடு பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் உற்பத்தி நின்றது. ஊரின் பெரியவர்கள் பலருக்கு அதற்குப் பிறகு வந்த அமைதிதான் பழக்கப்படவே இல்லை.

சென்னையிலிருந்து பெங்களூருக்கு ரயிலில் போகிறவர்கள் பங்காருபேட்டையைத் தாண்டும்போது, இங்கிருந்து ஒரு கிளைப்பாதை பிரிகிறது என்று கவனிப்பதுகூட இல்லை. சுரங்கத்துக்காகவே 1894-ல் போடப்பட்ட பாதை அது. அதன் கடைசி நிலையம் மாரிகுப்பம். ஆந்திர எல்லையை ஒட்டிய கர்நாடகத் தாலுகா. சுற்றிலும் தெலுங்கும் கன்னடமும். ஆனால் சுரங்க லைன்களில் கேட்பது தமிழ், அதுவும் பெரும்பாலும் வடஆற்காட்டுத் தமிழ்.

தங்கம் இங்கே வெள்ளைக்காரன் கண்டுபிடித்ததல்ல. 1802-ல் மைசூர் எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், தங்கம் கிடைக்கிறது என்ற பேச்சைக் கேட்டு இனாம் அறிவித்தார். ஊரிகம் கிராமத்து ஜனங்கள் வண்டியில் மண்ணைக் கொண்டுவந்து அவர் முன்னால் அலசிக் காட்டினார்கள். மாரிகுப்பம் பக்கத்தில் பறையர் சமூகத்து ஆண்கள் குழிகளில் இறங்கிக் கல்லெடுத்துத் தருவதையும், பெண்கள் அதை இடித்துப் பொடியாக்குவதையும் வாரன் எழுதி வைத்தார். பிறகு வந்த கம்பெனிகளின் விளம்பரப் புத்தகங்களில் இந்தப் பெண்களுக்கு இடமில்லை. 1870-களில் உரிமம் வாங்கிய அயர்லாந்துக்காரர் மைக்கேல் லாவெல், 1880-ல் பொறுப்பேற்ற லண்டனின் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் ஆகிய பெயர்களிலிருந்துதான் கதை தொடங்கும்.

டெய்லர் கம்பெனிக்கு ஆள் தேவைப்பட்டது. வடஆற்காடு, சேலம், சித்தூர் மாவட்டங்களின் கிராமங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பெரும்பாலோர் தாழ்த்தப்பட்டவர்கள். பஞ்சமும் பண்ணையாரும் துரத்த, பூமிக்குள் இறங்குவது மேல் என்று முடிவு செய்தவர்கள். சம்பளம் குறைவு, உயிருக்கு உத்தரவாதம் கிடையாது. ஆனால் யார் முன்னாலும் துண்டை இடுப்பில் கட்டி நிற்க வேண்டியதில்லை. தங்கவயல் நினைவுகளை இன்று பேசும் எந்தக் குடும்பத்திலும் தாத்தா, பாட்டன் கதை இந்த இடத்தில்தான் ஆரம்பமாகிறது.

அவர்களுக்குக் கம்பெனி கொடுத்தது 'தட்டி வீடு'. மூங்கில் தட்டிச் சுவர், ஒரே அறை, வரிசை வரிசையாக லைன்கள். ஒரு வீட்டில் மீன் குழம்பு கொதித்தால் பத்து வீட்டுக்குத் தெரியும்; புருஷன் பெண்டாட்டி சண்டையும் அப்படியே. இரவு ஷிப்டுக்காரர் பகலில் தூங்கப் பக்கத்து வீட்டுக் குழந்தைகள் சத்தம் போடாமல் விளையாட வேண்டும். பொதுக் குழாயில் குடம் வைத்த வரிசைதான் லைனின் பஞ்சாயத்து, செய்தித்தாள் எல்லாம். சொந்தமாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் எதிர் வீட்டுக்காரர் மாமாதான், பக்கத்து வீட்டுக்காரி அக்காதான்.

விட்டு வந்த கிராமம் லைனுக்குள் மறுபடி முளைத்தது. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள், தெருக்கூத்து ஆடினார்கள், ஆடு கோழி வளர்த்தார்கள். கிறிஸ்தவர்கள் மாதா கோயில் தேர் இழுத்தார்கள். சம்பள நாளில் துணி வியாபாரி முதல் வட்டிக்காரர் வரை அத்தனை பேரும் வாசலில் ஆஜர். மூங்கில் தட்டிக்குக்கூட ஒரு நன்மை உண்டு. ஆழத்தில் பாறை வெடித்துச் சிதறும்போது மேலே தரை குலுங்கும். தட்டி ஆடும், அவ்வளவுதான். கல் சுவராக இருந்தால் விரிசல் விடும்.

பாறை வெடிப்பு என்பது சுரங்கம் வெகு ஆழத்துக்குப் போனதன் விலை. சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. அடியில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்த ஆழத்தின் இன்னொரு பயனைப் பற்றி லைன்களில் அதிகம் பேசப்படுவதில்லை: 1965-ல், சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களின் தடயத்தை இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் இங்கே பதிவு செய்தார்கள். விஞ்ஞானிகள் இறங்கியதும் தொழிலாளி இறங்கிய அதே கூண்டில்தான்.

மேலே இருந்தது வேறு உலகம். 'குட்டி இங்கிலாந்து' என்று பெயர். குளிர்ந்த காற்று, ஓட்டு பங்களாக்கள், கிளப், கோல்ப் மைதானம். சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 147 கிலோமீட்டருக்குக் கம்பி இழுத்து 1902-ல் மின்சாரம் வந்தது. பெங்களூர் நகரமே 1905 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தங்கவயலைப் பற்றி எழுதுகிறவர்கள் யாரும் இந்தப் பெருமையை விடுவதில்லை. ஆனால் அந்த மின்சாரம் வந்தது எந்திரத்துக்காக. தட்டி வீட்டுக்காக அல்ல.

கம்பெனி நினைத்தது போல லைன்கள் வாயில்லாப் பூச்சியாக இருந்துவிடவில்லை. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் கிளைகள் எழுந்தன. அவர் சென்னையில் 1907-ல் தொடங்கிய 'தமிழன்' பத்திரிகை, அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின் 1926-ல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலிலிருந்து மறுபடி வெளிவந்தது. சித்தார்த்தா புத்தகசாலை அயோத்திதாசரின் எழுத்துகளை அச்சிட்டது. பகலில் பாறை உடைத்தவர்கள் மாலையில் கூடிச் சொற்பொழிவு கேட்ட ஊர் இது.

1930-ல் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்யும் ஏற்பாடு வந்தபோது, குற்றவாளிக்குச் செய்வதை எங்களுக்கா செய்வது என்று சுரங்கங்கள் முழுக்க வேலைநிறுத்தம். வாரக்கணக்கில் நீடித்தது. சம்பளத்துக்காக அல்ல, மானத்துக்காக நடந்த போராட்டம் என்று இன்றும் சொல்கிறார்கள். 1946 நவம்பர் 4-ல் தொழிற்சங்கப் போராட்டத்தின்போது போலீஸ் நடவடிக்கையில் ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்தத் தியாகிகள் நாளை ஊர் மறக்கவில்லை. குடியரசுக் கட்சி, கம்யூனிஸ்டு, அண்ணா தி.மு.க. என்று கர்நாடகத்தின் மற்ற இடங்களில் வேர் பிடிக்காத கொடிகள் எல்லாம் இந்தத் தொகுதியில் பறந்து சட்டமன்றம்வரை போனதன் பின்னணி இதுதான்.

பழைய நினைவுகள் பேசப்படும்போது சில விஷயங்கள் நழுவிவிடும். கம்பெனி ஆஸ்பத்திரி, கம்பெனி பள்ளி, ஹாக்கி, பேண்டு வாத்தியம் எல்லாம் இனிப்பாக நினைவுகூரப்படும். நுரையீரலில் கல்தூசு படிந்து இருமி இருமிச் செத்தவர்களைப் பற்றிக் குரல் தாழும். லைன்களின் உலர் கழிப்பறைகளைப் பற்றிக் கேட்டால் பேச்சே நின்றுவிடும். அந்த மலத்தைக் கையால் அள்ளிச் சுமந்தவர்களும் இதே ஊர்க்காரர்கள்தான். அப்படியொரு குடும்பத்தில் 1966-ல் இங்கே பிறந்தவர் பெஜவாடா வில்சன். 1980-களில் அவர் கடிதம் எழுத ஆரம்பித்தபோது, அப்படி எதுவும் இங்கே இல்லை என்ற மறுப்பே பதிலாகக் கிடைத்தது. அவர் விடவில்லை. தங்கவயலில் தொடங்கிய இயக்கம் நாடு முழுக்கப் பரவியது; 2016-ல் அவருக்கு மகசேசே விருது. தங்கம் கொழித்த ஊர் தன் கழிப்பறைகளுக்குத் தண்ணீர்த் தொட்டி வைக்க நூறு வருடம் எடுத்துக்கொண்டது.

சரிவு மெதுவாக வந்தது. 1956-ல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது, 1962-ல் மத்திய அரசு, 1972-ல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம். ஆரம்ப காலத்தில் டன்னுக்கு 40 கிராமுக்கு மேல் தங்கம் கொடுத்த பாறை, கடைசியில் 3 கிராம்கூடக் கொடுக்கவில்லை. எடுக்கும் செலவு விற்கும் விலையைத் தாண்டியது. சுமார் 120 வருடத்தில் 800 டன் அளவுக்குத் தங்கம் கொடுத்துவிட்டுச் சுரங்கம் மூடிக்கொண்டது. பம்புகள் நின்றன, சுரங்கப் பாதைகளில் நீர் ஏறியது.

மூடியது சுரங்கம் மட்டும்தான். லைன்கள் காலியாகவில்லை. திரும்பிப் போக வடஆற்காட்டில் நிலமும் இல்லை, மூன்று தலைமுறைக்குப் பின் தெரிந்த முகமும் இல்லை. குடியிருக்கும் வீடு யாருடையது என்ற கேள்வி வருடக்கணக்கில் இழுத்தது. பிள்ளைகள் பெங்களூர் ரயிலைப் பிடித்தார்கள். விடியற்காலையில் கிளம்பி, தொழிற்சாலையிலோ கடையிலோ கம்ப்யூட்டர் கம்பெனியிலோ வேலை செய்துவிட்டு, இரவில் வீடு சேரும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு லைன் என்பது தூங்கும் இடம். பகலில் அங்கே பெரும்பாலும் வயதானவர்கள்.

2018-ல் வந்த 'கே.ஜி.எஃப்.' கன்னடப் படம் இந்த ஊரை நாடு முழுக்கப் பிரபலமாக்கியது, ஒரு தாதாவின் அடிமைக் கூடாரமாக. தமிழில் 2024-ல் வந்த 'தங்கலான்' வடஆற்காட்டுக் கூலிகளின் கதையை எடுத்துக்கொண்டு, மாயமும் மந்திரமும் கலந்தது. வரிசையில் நின்று ஷிப்டுக்குப் போனவன், சங்கத்துக்குச் சந்தா கட்டியவன், மகளை டீச்சர் ஆக்கியவன் இன்னும் திரைக்கு வரவில்லை.

பார்வையாளர்கள் இப்போது முதலில் கேட்பது சயனைடு மேடுகளைத்தான். தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டிய கழிவு மண், 3 கோடி டன்னுக்கும் மேல், வெளிறிய குன்றுகளாக ஊருக்குள்ளேயே நிற்கிறது. சினிமாக்காரர்களுக்கு அது பாலைவனம். லைன் குழந்தைகளுக்குச் சறுக்குமரம். காற்றுக் காலத்தில் அதிலிருந்து கிளம்பும் தூசு சோற்றுத் தட்டுவரை வரும். ஜன்னலை மூடித் துணி வைத்து அடைப்பார்கள். அந்த மண்ணில் இன்னும் மிச்சத் தங்கம் இருக்கிறது. 13 மேடுகளைத் தோண்டி அதை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. தோண்டினால் தூசு இன்னும் அதிகமாகுமா, வேலை யாருக்குக் கிடைக்கும் என்று மேட்டடியில் குடியிருப்பவர்கள் விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.