சுரங்கக் கழிவுநீரும் சிமென்ட் கலவையும்

சுரங்கம் ஆழமாகப் போகப் போக, சுற்றியுள்ள பாறையிலிருந்து நீர் ஊறிக் குழியில் தேங்கும். அதை இறைத்து வெளியேற்றினால்தான் வேலை நடக்கும். இறைத்த நீர் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. நிலக்கரிச் சுரங்கங்களிலும் செம்புச் சுரங்கங்களிலும் பைரைட் என்ற இரும்பு சல்பைடு கனிமம் பரவலாகக் கிடக்கும். அதன்மேல் காற்றும் நீரும் பட்டால் கந்தக அமிலம் உண்டாகும்; சில பாக்டீரியாக்கள் அந்த வினையைப் பல மடங்கு விரைவாக்கும். மேகாலயாவின் ஜைந்தியா மலையில் எலிவளை எனப்படும் குறுகிய நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து இப்படிக் கசிந்த அமிலம் ஓடைகளில் மீனே இல்லாமல் செய்துவிட்டது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2014 ஏப்ரலில் அங்கே அவ்வகைச் சுரங்கங்களுக்குத் தடை விதித்தது.

இந்த நீரைச் சுத்திகரிக்கும் பழைய வழி, சுண்ணாம்பு சேர்ப்பது. அமிலம் முறிந்ததும் கரைந்திருந்த இரும்பு காவி நிறக் கசடாக இறங்குகிறது. சல்பேட்டில் ஒரு பகுதி சுண்ணாம்போடு சேர்ந்து ஜிப்சமாகிறது. கட்டுமானத்துக்கு நீரைவிட இந்தக் கசடுதான் அதிகம் பயன்படும் என்பது பலருக்கும் தெரிவதில்லை. தென்னாப்பிரிக்காவின் எமலாஹ்லேனியில் 2007-இல் தொடங்கிய ஆலை, நிலக்கரிச் சுரங்க நீரைக் குடிநீராக்குகிறது. அதில் மிஞ்சிய ஜிப்சத்திலிருந்து கட்டுமானப் பொருள் செய்து வீடுகளும் கட்டிக் காட்டினார்கள். சிமென்ட் ஆலைக்கும் ஜிப்சம் வேண்டும். சூளையில் சுட்டெடுத்த கிளிங்கரோடு அதைச் சேர்த்து அரைக்காவிட்டால், தண்ணீர் விட்ட சிறிது நேரத்திலேயே கலவை இறுகிவிடும். அமெரிக்காவின் ஒகையோ பல்கலைக்கழகத்தில் பொறியியல் பேராசிரியர் கை ரீஃப்லரும் ஓவியர் ஜான் சாப்ராவும் கைவிடப்பட்ட சுரங்கங்களின் இரும்புக் கசடிலிருந்து வண்ணப்பொடி எடுத்தார்கள். பேவர் பிளாக்குக்குச் சிவப்பும் மஞ்சளும் தருவது இதே இரும்பு ஆக்சைடுதான். புதுக்கோட்டைப் பக்கத்துச் செம்புராங்கல்லின் நிறத்துக்கும் அதுவே காரணம்.

நீரையே கலவைக்கு ஊற்றலாமா என்பது தனிக் கேள்வி. கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிர்ணயம் ஐ.எஸ். 456 (2000) இதற்கு வரம்பு வைத்திருக்கிறது. பிஹெச் 6-க்குக் குறையக் கூடாது. லிட்டருக்கு சல்பேட் 400 மில்லிகிராமையும், மிதக்கும் துகள் 2,000 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. குளோரைடு, கம்பி இல்லாத கான்கிரீட்டில் 2,000 வரை போகலாம். கம்பி கட்டியதில் 500-தான், ஏனென்றால் குளோரைடு கம்பியைத் துருவேற்றிவிடும்.

சல்பேட் கணக்கைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு ஏறத்தாழ 25 லிட்டர் தண்ணீர் போகும். அனுமதித்த 400 மில்லிகிராம் கணக்கில் அதில் 10 கிராம் சல்பேட். பத்து மடங்கு கெட்ட நீரானாலும் 100 கிராம். ஜிப்சம் வழியாக அந்த மூட்டைக்குள் ஏற்கெனவே இருப்பதோ ஒரு கிலோவுக்கும் மேல். அப்படியிருந்தும் வரம்பு கறாராக இருப்பது வீண் கெடுபிடி அல்ல. சிமென்ட்டிலும் மணலிலும் மண்ணிலும் உள்ள சல்பேட் எல்லாம் ஒன்றுகூடுகின்றன. கூடுதல் சல்பேட், இறுகிய பிறகு சிமென்ட்டின் அலுமினேட்டோடு வினைபுரிந்து எட்ரிங்கைட் என்ற ஊசிப் படிகமாக வளர்ந்தால், உள்ளேயிருந்து கான்கிரீட்டை வெடிக்கச் செய்யும்.

அமிலத்தின் பெரும்பகுதியைச் சிமென்ட்டின் சுண்ணாம்பே முறித்துவிடும். துத்தநாகமும் ஈயமும்தான் தொல்லை. அவை இறுகுவதைத் தாமதப்படுத்தும். அதனால் சந்தேகமான நீரில் 150 மில்லிமீட்டர் கனச்சதுரங்கள் வார்த்து, 28 நாள் கழித்து உடைத்துப் பார்க்கிறார்கள். வாலைவடிநீரில் வார்த்தவற்றின் வலிமையில் 90 சதவீதமாவது வர வேண்டும். கலவை இறுகத் தொடங்கும் நேரம் 30 நிமிடத்துக்குக் குறையக் கூடாது. காரத்தன்மை மிகுந்த கான்கிரீட்டுக்குள் பல உலோகங்கள் கட்டுண்டு கிடக்கும் என்றாலும், பழைய கட்டடத்தை இடித்து நொறுக்கும்போது அவை கசிகின்றனவா என்ற சோதனையும் தேவை.

தமிழ்நாட்டுக்கு வந்தால் நிலைமை வேறு. நெய்வேலியில் இறைக்கப்படுவதில் பெரும்பகுதி, பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீர். இறைக்காவிட்டால் சுரங்கத் தரையையே பிளந்துகொண்டு வரும். அது மேகாலயாவின் அமில நீரைப் போன்றதல்ல. அனல்மின் நிலையத்துக்கும் பாசனத்துக்கும் போகிறது, சென்னையின் குடிநீருக்கும் கொடுத்திருக்கிறார்கள்.

புதுக்கோட்டை மாவட்டத்தில், அரிமளம் அடங்கிய திருமயம் வட்டத்தில் சுரங்கம் என்று சொல்லத்தக்கது கல் குவாரிதான். கருங்கல்லில் பைரைட் மிகக் குறைவு என்பதால் குவாரிக் குழி நீர் பொதுவாக அமிலமாவதில்லை. அதன் குறை கலங்கல். எம்-சாண்ட் கழுவிய நீரில் அது இன்னும் கூடுதல். மாவு போன்ற கல்தூள் ஜல்லியின் மேல் படலமாக ஒட்டிக்கொண்டால் சிமென்ட் சரியாகப் பிடிக்காது. தொட்டியில் தெளியவிட்டு மேல்நீரை எடுத்து, பாறை வெடி விட்டுச்செல்லும் நைட்ரேட்டையும் உப்புகளையும் சோதித்துவிட்டால், கம்பி இல்லாத ஹாலோ பிளாக்குக்கும் பேவர் பிளாக்குக்கும் அதைப் பயன்படுத்த முடியும். கலவைக்கு ஏற்ற நீர் கியூரிங்குக்கும் ஏற்றதே. ஆனால் இரும்பு கலந்த நீரை அதற்கு ஊற்றினால் சுவரில் காவிக் கறை விழும் என்பதால் ஐ.எஸ். 456 அதை ஏற்பதில்லை.