மெத்தையின் எடையைத் திரை சொல்லித்தருமா?

வேலையும் கருவியும் – 9

1999-ல் வெஸ்டின் ஹோட்டல் நிறுவனம் ‘ஹெவன்லி பெட்’ என்ற புதுப் படுக்கையை அறிமுகப்படுத்தியது. தடித்த மெத்தை, அடுக்கடுக்காய் வெள்ளை விரிப்புகள், கனத்த போர்வை, வரிசையாகத் தலையணைகள். விருந்தினர்களுக்குப் பிடித்துப்போனது. போட்டி நிறுவனங்களும் தங்கள் மெத்தைகளை மாற்றின. அந்த மெத்தையின் மூலையைத் தூக்கி விரிப்பைச் செருகும் வேலையோ ஹவுஸ்கீப்பிங் பெண்களின் தலையில் விழுந்தது.

இந்த வேலையின் பாரம் எண்ணிக்கையில் பதிவாகியிருக்கிறது. அமெரிக்காவில் 5 நிறுவனங்களின் 50 ஹோட்டல்களில், 2003 முதல் 2005 வரை ஊழியர்களுக்கு நேர்ந்த காயங்களை ஓர் ஆய்வு கணக்கெடுத்தது, 2010-ல் வெளியானது. ஹவுஸ்கீப்பிங்கில் 100 பேருக்கு ஆண்டுக்கு 7.9 காயங்கள். ஆய்வில் எடுத்துக்கொண்ட வேலைகளிலேயே, சமையலறை உட்பட, இதுதான் அதிகம்.

இந்த வேலையைப் புதிதாக வருகிறவர் எப்படிக் கற்கிறார்? பெரும்பாலும் அனுபவமுள்ள ஒருவரின் டிராலிக்குப் பின்னால் சில நாள் நடந்துதான். நல்ல கைக்காரி வாய்த்தால் நல்ல பழக்கம் வரும். இடுப்பை வளைத்து, மூச்சைப் பிடித்து மெத்தையை இழுப்பவர் வாய்த்தால் அதுவும் அப்படியே தொற்றிக்கொள்ளும். இருவரின் தாய்மொழியும் வேறு வேறானால் பாதி விஷயம் சைகையிலேயே நின்றுவிடும். பயிற்சிக்குத் தொழில்நுட்பத்தை நாடுவதில் ஒரு நியாயம் இருக்கிறது.

2009-ல் ஹில்டன் கார்டன் இன், வர்ச்சுவல் ஹீரோஸ் என்ற நிறுவனத்துடன் சேர்ந்து ‘அல்டிமேட் டீம் ப்ளே’ என்ற விளையாட்டை உருவாக்கியது. சோனியின் பிஎஸ்பி கையடக்கக் கருவியில் ஆடலாம். முப்பரிமாண ஹோட்டல் ஒன்றில் ஹவுஸ்கீப்பிங், வரவேற்பு, உணவு, பராமரிப்பு என்று பல பிரிவுகளின் வேலைகளை ஊழியர் ஆடிப் பார்ப்பார். விருந்தினர் கேட்டதை எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு சரியாகச் செய்தார் என்பதைப் பொறுத்து அந்த விருந்தினரின் மனநிலை மாறும். தவறு செய்து பார்க்க இடம் கிடைத்தது. உண்மையான விருந்தினர் யாரும் அதனால் வருந்த வேண்டியதில்லை.

பத்தாண்டு கழித்து அதே ஹில்டன் குழுமம் ஓக்குலஸ் என்ற மெய்நிகர் காட்சிக் கண்ணாடியை எடுத்தது. இம்முறை மாணவர்கள் ஹோட்டலில் வேலை பார்த்திராத தலைமை அலுவலகத்தினர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர்கள் அறையைச் சுத்தம் செய்தார்கள், ரூம் சர்வீஸ் தட்டை அடுக்கினார்கள். தாங்கள் போடும் விதிகள் மாடியில் என்ன ஆகின்றன என்று அவர்களுக்குக் காட்டுவதே நோக்கம். பாராட்டத்தக்க முயற்சி.

ஆனால் அந்தக் கண்ணாடிக்குள் மெத்தைக்கு எடை கிடையாது. கையிலிருக்கும் சிறு கருவியை உயர்த்தினாலே மெத்தை உயர்ந்துவிடும். தோளும் முதுகும் எதையும் உணராது.

திரை நன்றாகக் கற்றுத்தருபவை வேறு. எந்த இடத்துக்கு எந்த நிறத் துணி, கிருமிநாசினியைத் தெளித்தபின் எத்தனை நிமிடம் ஊறவிட வேண்டும், எதற்குப் பின் எது, சுத்தம் செய்த அறையில் கண்ணுக்குத் தப்பியது எது? இவற்றைப் படமாகவும் தாய்மொழிக் குரலாகவும் எத்தனை முறை வேண்டுமானாலும் திரை காட்டும், சலித்துக்கொள்ளாது. கண்ணுக்கும் நினைவுக்கும் உரிய பயிற்சி இது. உடம்புக்கு உண்மையான மெத்தை வேண்டும், பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் வேண்டும்.

இந்த வேறுபாட்டைக் கலிஃபோர்னியா சட்டமாகவே எழுதிவைத்திருக்கிறது. யுனைட் ஹியர் தொழிற்சங்கம் 2012-ல் மனுக் கொடுத்தது. ஹோட்டல் ஹவுஸ்கீப்பிங் ஊழியர்களின் தசை, எலும்புக் காயங்களைத் தடுப்பதற்கான விதி 2018 ஜூலை 1-ல் அமலுக்கு வந்தது. எந்த அசைவு, எந்தக் கருவி, எந்த வேகம் காயப்படுத்துகிறது என்று வேலையிடத்தை ஆராயும்போது அந்த ஊழியர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பயிற்சி மென்பொருள் எழுதுகிறவருக்கு இதைவிடச் சிறந்த பாடத்திட்டம் கிடைக்காது.

ஊழியரைக் கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. அடுத்து எந்த அறை என்று செல்போனில் உத்தரவிடும் செயலிகள் பல அமெரிக்க ஹோட்டல்களில் வந்தன. முன்பு அந்தப் பெண்கள் தங்கள் வரிசையைத் தாங்களே வகுத்தார்கள். செயலி அவர்களைத் தாழ்வாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கனத்த டிராலியுடன் அலையவிட்டது. கார்னெகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஊழியர்களோடு உட்கார்ந்து, செயலி எப்படி இருக்க வேண்டும் என்று அவர்களிடமே கேட்டது இதற்குப் பிறகுதான். லாஸ் வேகஸில் ‘கலினரி யூனியன்’ என்ற ஹோட்டல் தொழிலாளர் சங்கம் 2018 ஒப்பந்தத்திலேயே, புதுத் தொழில்நுட்பம் வருமுன் அறிவிப்பும் பயிற்சியும் தர வேண்டும் என்று எழுதி வாங்கியது.

ஆகவே, பயிற்சிக் கருவி வாங்க முனையும் ஹோட்டல் நிர்வாகம் டிராலி தள்ளுகிறவர்களை முதலில் கேட்க வேண்டும். திரைப் பாடத்தோடு வேலை முடிந்தது என்றும் இருந்துவிடக் கூடாது. ஊழியர் நாளை கையாளப்போகும் அதே வகைக் கருவிகளில் பழக வேண்டும், விஷயம் தெரிந்த ஒரு மனிதரிடம் கேள்வி கேட்டுப் பதில் பெற வேண்டும், அது அவருக்குப் புரியும் மொழியில், ஆண்டுக்கு ஒருமுறையாவது நடக்க வேண்டும் என்பதே கலிஃபோர்னிய விதி.

(தொடரும்)