குகைக் கற்கள் கூறும் பழைய மழைக்கணக்கு

மழையை நம்பிப் பயிரிடும் தேசத்தில், மழை எத்தனை வருஷம் தொடர்ந்து குறையக்கூடும் என்னும் கேள்வி மிக முக்கியமானது. மழைமானிக் கணக்கு இதற்கு ஓரளவே விடை தரும். இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875-ஆம் வருஷத்தில் ஏற்பட்டது. சில ஊர்களில் அதற்கு முன்னரே மழை அளக்கப்பட்டதாயினும், தேசம் முழுவதற்கும் ஒழுங்காகக் கிடைக்கும் கணக்கு ஏறக்குறைய 150 வருஷங்களுக்கு உரியதே. அதற்கு முற்பட்ட காலத்தின் மழை நிலையைச் சுண்ணாம்புக் குகைகளில் வளர்ந்துள்ள கற்களைக் கொண்டு ஆராய்ச்சியாளர் அறிந்து வருகின்றனர்.

கல் வளரும் விதம்.— மழைநீர் மண்ணில் இறங்கும்போது, வேர்களும் மக்கும் தழைகளும் வெளிவிடும் கரியமிலவாயுவை ஏற்றுக்கொள்கிறது. அந்நீர் கீழேயுள்ள சுண்ணாம்புப் பாறையைச் சிறிது கரைத்துக்கொண்டு குகையின் கூரையிலிருந்து சொட்டுகிறது. குகைக் காற்றில் அவ்வாயு நீங்கவே, கரைந்திருந்த சுண்ணாம்பு மீண்டும் கல்லாகப் படிகிறது. கூரையிலிருந்து விழுதுபோல் தொங்குவது ஒரு வகை. சொட்டு விழும் இடத்தில் தரையிலிருந்து தூண்போல் எழுவது மற்றொரு வகை. அடுக்கின்மேல் அடுக்காக நேரே வளர்வதால் பின்னதே ஆராய்ச்சிக்கு மிகவும் ஏற்றது. வருஷ வளர்ச்சி பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கே ஆகும்.

காலமும் மழையும் அறிதல்.— யுரேனியம் நீரில் கரையும். தோரியம் அநேகமாகக் கரையாது. ஆதலால் புதிதாகப் படியும் கல்லில் யுரேனியம் சிறிதளவு இருக்கும். தோரியம் இல்லையென்றே சொல்லலாம். நாளடைவில் யுரேனியம் சிதைந்து தோரியம் பெருகுகிறது. இவ்விரண்டின் விகிதத்தை அளந்து அடுக்குகளின் வயது கணிக்கப்படுகிறது.

நீரிலுள்ள பிராணவாயுவில் இலேசான வகையும் கனத்த வகையும் உண்டு. ஏறக்குறைய 500 அணுக்களுக்கு ஒன்று கனத்தது. மேகம் பொழியும்போது கனத்த வகை முந்தி இறங்கிவிடுகிறது. ஆகவே பருவக்காற்று வலுத்துப் பெருமழை பெய்த காலத்து நீரில் அதன் விகிதம் குறைந்திருக்கும். அந்நீரால் படிந்த கல்லிலும் அவ்வாறே.

தண்டக் குகை.— சத்தீஸ்கர் மாநிலத்துப் பஸ்தர் பகுதியில், காங்கேர் பள்ளத்தாக்கில் இக்குகை உள்ளது. தென்மேற்குப் பருவமழையே இப்பகுதியின் ஜீவாதாரம். இங்கு எடுத்த ஒரு கல்லின் ஆராய்ச்சி முடிவு 2007-இல் வெளியாயிற்று. அது கி.பி. 600 முதல் 1500 வரையுள்ள காலத்தைக் காட்டுகிறது. அதன்படி, 14-ஆம், 15-ஆம் நூற்றாண்டுகளில் பருவமழை பல பத்தாண்டுகள் மெலிந்திருந்தது. தக்காணத்தில் 1396-இல் தொடங்கியதாகக் கூறப்படும் துர்க்காதேவிப் பஞ்சம் இக்காலத்தில் அடங்கும். மழைமானி ஏற்பட்ட பின்னர் இத்துணை நீண்ட மெலிவு காணப்படவில்லை.

மேகாலயத்தில் சிரபுஞ்சிக்கு அருகிலுள்ள மாம்லூ குகைக் கல்லோ, சுமார் 4,200 வருஷங்களுக்கு முன் பருவமழை குன்றியதைக் காட்டுகிறது. அக்கல்லை ஆதாரமாகக் கொண்டே, அது முதல் இன்று வரையுள்ள பூமியின் காலப் பிரிவுக்கு 2018-இல் ‘மேகாலயக் காலம்’ என்று பெயரிடப்பட்டது.

இக்கணக்கின் எல்லை.— கல்லைக் கொண்டு மழையை மில்லிமீட்டர் கணக்கில் கூறுதல் அரிது. நீராவி வந்த வழியும் பிராணவாயுவின் விகிதத்தை மாற்றும். ஆகையால் வலுத்த காலம், மெலிந்த காலம் என்று பிரித்தறிவதே தகும். மேலும் தண்டக் குகையின் சாட்சி தென்மேற்குப் பருவத்தைப் பற்றியது. குடகு மலையில் காவிரிக்கு நீரளிப்பது அப்பருவமே. தமிழ்நாட்டுக் கடற்கரை ஜில்லாக்களுக்கு முக்கியமான வடகிழக்குப் பருவத்திற்கு இதை அப்படியே பொருத்துதல் கூடாது.

விவசாயி அறிய வேண்டுவது.— ஒரு வருஷம் தவறிய மழையை மறு வருஷ மழை ஈடு செய்யும் என்பது எக்காலத்துக்கும் பொருந்தும் விதியன்று. நீண்ட மெலிவு முன்னர் நேர்ந்துள்ளது, இனியும் நேரக்கூடும். நல்ல மழையுள்ள வருஷங்களிலேயே ஏரியின் வண்டலை எடுத்தலும், வரத்துக் கால்வாய்களைச் செப்பனிடுதலும், கிணற்று நீரை அளவறிந்து இறைத்தலும், வறட்சி தாங்கும் கேழ்வரகு, கம்பு, சாமை முதலியவற்றின் விதையைக் கைவிடாது காத்தலும் இதனால் அவசியமாகின்றன.

குகைகளைக் காணச் செல்வோர் கற்களை ஒடித்தல் ஆகாது. ஒரு விரற்கடைத் துண்டிலும் பல நூறு வருஷத்து மழைக்கணக்கு அடங்கியிருக்கக்கூடும். ஒடித்து எறிந்தபின் அதை மீண்டும் பெற வழியில்லை.